‘ம்’ என்றால் செல்லாது

ஓய்வு பெற்றவர்கள் எழுதுகிற கட்டுரையை நான் எழுதலாமா என்று இன்னும் சந்தேகமாகவே இருக்கிறது. எனக்கு முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. மகள் பிறந்த பிறகு வேலையை விட்டேன், அவ்வளவுதான். இதை ஓய்வு என்று சொன்னால் ஆதம்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பில் இருக்கிற எந்த அம்மாவும் சிரிப்பார். ஆனால் கார்த்திகா விடவில்லை. மயிலாப்பூரில் நான் வேலை பார்த்த பங்குத் தரகு அலுவலகத்தில், நான் எழுந்துவந்த நாற்காலியில் உட்கார்ந்தவள் அவள்.

“அக்கா, ஃபோன் டெஸ்க்கை மூடப் போறாங்க. இனிமே எல்லாம் ஆப்தான். புதுசா வந்த பசங்க, ஃபோன்ல சொல்லி ஷேர் வாங்குவாங்களான்னு சிரிக்கிறாங்க. நீங்க எழுதிக் குடுங்க. ஸ்டெல்லா மேடம் பத்தி எழுதுங்க.”

“மேடத்துகிட்ட கேட்டியா?”

“கேட்டேன். என்னைப் பத்தி எழுத என்ன இருக்கு, ரூலைப் பத்தி எழுதச் சொல்லுன்னாங்க.”

அவர் அப்படித்தான் சொல்வார். ஆகவே விதியைப் பற்றித்தான் எழுதுகிறேன். நடுவில் அவர் வந்தால் அது என் குற்றமல்ல.

ஸ்டெல்லா மேடம் எங்கள் கிளைக்கு மேலாளர். சாந்தோம் பக்கத்துக் குடும்பம். வீட்டில் எல்லோரும் ஆசிரியர்கள், இவர் ஒருவர்தான் பங்குச் சந்தைக்கு வந்தவர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயதுதான் மூத்தவர். நேர்முகத் தேர்வில் பங்குச் சந்தையைப் பற்றி அவர் ஒன்றுமே கேட்கவில்லை.

“வீட்டைப் பூட்டிட்டுக் கிளம்பினா, கேஸை அணைச்சோமான்னு பாதி வழியில திரும்பிப் போவியா?”

எனக்கு முகம் சிவந்துவிட்டது. உண்மையைச் சொல்வதா என்று யோசித்தேன். “போவேன் மேடம். சில நாள் ரெண்டு தடவை.”

“சேர்ந்துக்கோ.”

அதுவரை என்னிடம் எல்லோரும் குறையாகச் சொன்ன ஒன்றைத் தகுதியாக எடுத்துக்கொண்ட முதல் ஆள் அவர். சான்றிதழ் தேர்வு, பயிற்சி, திரையில் ஓடும் எண்களைப் பார்த்துப் பார்த்து வந்த தலைவலி எல்லாம் அதற்குப் பிறகு ஒரு வருடத்தில் முடிந்துபோயின. அவற்றில் சொல்ல ஒன்றுமில்லை. விதியைக் கற்றுக்கொள்ளத்தான் அதைவிட நாளானது.

டீலர்கள் என்று பெயர் கொண்ட எங்கள் வேலை இது: வாடிக்கையாளர் தொலைபேசியில் சொல்வார், நாங்கள் அவருக்காகத் திரையில் ஆர்டர் போடுவோம். பேச்சு பதிவாகும். போடுவதற்கு முன் நான்கு விஷயங்களை நாங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும்: எந்தக் கம்பெனி, வாங்குவதா விற்பதா, எத்தனை, என்ன விலை. வாடிக்கையாளர் ‘சரி’ என்று வாயால் சொல்ல வேண்டும். ‘ஆமாம்’ என்றாலும் ஏற்கலாம். ‘ம்’ என்றால் செல்லாது. இது எந்தச் சட்டத்திலும் இல்லை, ஸ்டெல்லா மேடத்தின் சட்டம். ‘ம்’ போடுகிற வாடிக்கையாளர்களிடமும் அதைச் சொல்லிவிடுவோம்.

“‘ம்’னா கேக்கறேன்னு அர்த்தம். ஒத்துக்கறேன்னு அர்த்தம் இல்ல. வீட்ல உங்க வீட்டுக்காரர் ‘ம்’னு சொன்னதெல்லாம் நடந்திருக்கா?” என்று கேட்பார். பக்கத்து நாற்காலி சுரேஷைத் தவிர நாங்கள் எல்லோரும் பெண்கள், சுரேஷும் சிரித்துவிடுவான்.

இன்னொன்று, ‘எடு’ என்ற சொல்லை எங்கள் மேசையில் யாரும் பயன்படுத்தக் கூடாது. வாடிக்கையாளர் சொல்லலாம், நாங்கள் திருப்பிச் சொல்லும்போது அது வரக் கூடாது. காரணம் எளிது. “அந்த ஷேர்ல நூறு எடு” என்றால் வாங்கு. “அந்த ஷேரை எடுத்துடு” என்றால் பெரும்பாலும் விற்றுவிடு. ஒரே சொல்லின் வாலில்தான் வித்தியாசம். அந்த வால் தொலைபேசியில் சரியாகக் கேட்காது. மேடம் எங்கள் கிளைக்கு வந்த புதிதில் யாரோ ஒருவர் விற்கச் சொன்னதை யாரோ வாங்கிவிட்டார்களாம். யார் என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை.

வாடிக்கையாளர்களில் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். பங்குச் சந்தையைப் பற்றி எனக்குத் தெரிந்த உருப்படியான விஷயம் எல்லாம் இவர்களிடமிருந்து வந்தது.

முதல் ஆள் முரளி அண்ணன். தி.நகரில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். ஏறுகிற பங்கைத்தான் வாங்குவார். ஒரு வருடத்தில் தொடாத உச்சத்தை ஒரு பங்கு தொட்டால், அதுவும் வழக்கத்தைவிட நிறைய பேர் கைமாற்றிக்கொண்டிருந்தால், அன்று அவரிடமிருந்து போன் வரும்.

“இன்னாம்மா உமா, நம்மாளு எப்டி கீறான்? ஏறிக்கினே கீறானா? அப்ப தூக்கு.”

“அண்ணே, ஏற்கெனவே இவ்ளோ ஏறிடுச்சே” என்று ஆரம்ப நாட்களில் ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

“கடையில எந்தக் குக்கர் போவுதோ அதைத்தான் நான் வாசல்ல வெப்பேன். போவாத குக்கரை வாசல்ல வெச்சு, இது நல்ல குக்கருன்னு அழுதுகினு இருக்க முடியுமா?”

இதில் பலர் கவனிக்காத பாதி ஒன்று உண்டு. வாங்கும்போதே எந்த விலைக்குக் கீழே போனால் வெளியேறுவது என்று அவர் சொல்லிவிடுவார். அந்த விலை வந்தால் காரணம் கேட்க மாட்டார், செய்தி படிக்க மாட்டார், விற்றுவிடுவார். அப்படி விற்றது அடிக்கடி நஷ்டமாகத்தான் இருக்கும். சின்னச் சின்ன நஷ்டங்கள் பல, நடுவில் பெரிய லாபம் ஒன்றிரண்டு. நஷ்டத்தில் விற்ற அன்றும் குரல் மாறாது. “போவட்டும் நைனா, அடுத்தது இன்னா?” என்பார். நான் ஒரு சுரைக்காய் கசந்தாலே நாள் முழுக்க அதை நினைத்துக்கொண்டிருப்பவள். அந்தக் குரலைக் கேட்டு அதிசயித்திருக்கிறேன்.

இரண்டாவது ஆள் விசாலம் மாமி. மயிலாப்பூரிலேயே குளத்துக்குப் பக்கத்துத் தெரு. ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முரளி அண்ணனுக்கு நேர் எதிர். எல்லோரும் கைவிட்ட பங்கைத்தான் வாங்குவார்.

“உமா, இன்னிக்கு எதைப் பத்தி எல்லாரும் தலையில அடிச்சுண்டிருக்கா?” என்று கேட்டுக்கொண்டேதான் பேச்சைத் தொடங்குவார்.

விழுந்தது எல்லாவற்றையும் வாங்க மாட்டார். விழுந்ததற்குக் காரணம் தற்காலிகமானதா, கம்பெனிக்குக் கடன் அதிகமா, வட்டி கட்ட அதன் வியாபாரத்திலேயே பணம் வருகிறதா என்று ஆண்டறிக்கையை வரவழைத்துப் படிப்பார். பத்துக் கம்பெனி படித்தால் ஒன்பதை வேண்டாம் என்பார். பிடித்த ஒன்றையும் ஒரேயடியாக வாங்க மாட்டார். மூன்று தவணை. முதல் தவணை இன்று. அடுத்தது அந்தக் கம்பெனியின் அடுத்த காலாண்டுக் கணக்கு வந்த பிறகு. அதுவரை பணம் சும்மா இருக்கும்.

“நான் வாங்கின அன்னிக்கே விழறது நின்னுடும்னு நெனைக்க நான் யாரு? அது பாட்டுக்கு இன்னும் விழும். விழட்டும், என் கையில காசு இருக்கோன்னோ” என்பார்.

இவர்கள் இரண்டு பேரில் யார் சரி என்று புதிதாக வருகிற டீலர்கள் எல்லோரும் கேட்பார்கள். நானும் கேட்டேன். மேடம் தன் கருத்தைச் சொல்லவே மாட்டார். டெஸ்க்குக்குக் கருத்து கிடையாது என்பது அவருடைய இன்னொரு விதி. ஆனால் ஒன்று மட்டும் சொன்னார்.

“ரெண்டு பேரும் பிழைச்சுப்பாங்க. பிழைக்காத ஆள் யாருன்னு நீயே பார்ப்ப.”

பார்த்தேன். பிழைக்காதவர்கள், பங்கு ஏறும்போது முரளி அண்ணன் மாதிரி வாங்குவார்கள். விழுந்ததும் மாமி மாதிரி வைத்துக்கொள்வார்கள். “நான் நீண்ட கால முதலீட்டாளர்மா” என்று அன்றைக்குத்தான் சொல்ல ஆரம்பிப்பார்கள். ஆனால் மாமி படித்த ஆண்டறிக்கையை அவர்கள் படித்திருக்க மாட்டார்கள், முரளி அண்ணன் வைத்த எல்லையையும் வைத்திருக்க மாட்டார்கள். என் வேலைக்காலத்தில் நான் பார்த்த பெரிய இழப்புகள் பெரும்பாலும் இந்த வகை. வழி எதுவாக இருந்தாலும், நுழைந்த கதவு வழியாகத்தான் வெளியே வர வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். இதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன்.

சந்தை காலையிலிருந்தே சரிந்துகொண்டிருந்தது. எல்லாத் தொலைபேசிகளும் ஒரே நேரத்தில் அடித்தன. மாமியிடம் அப்போது ஒரு பம்ப் கம்பெனியின் பங்கு இருந்தது. அரசாங்க ஆர்டர் ஒன்று கைநழுவியதால் விழுந்த கம்பெனி. முதல் தவணை வாங்கியாகிவிட்டது. காலாண்டுக் கணக்கு வந்திருந்ததால், அடுத்த தவணைகளுக்கான மொத்தப் பணத்தையும் எங்களிடம் இருந்த தன் கணக்குக்கு அந்த வாரம்தான் அனுப்பியிருந்தார். அந்தப் பங்கு அன்று மற்றவற்றைவிட வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது.

மதியத்துக்குச் சற்று முன்பு மாமி அழைத்தார். வழக்கமான கேள்வி வரவில்லை. பின்னால் யாரோ டோக்கன் எண்ணைச் சொல்லிக் கூப்பிடும் சத்தம். குரல் விட்டுவிட்டு வந்தது.

“உமா, நாந்தான்… அந்தப் பம்ப் கம்பெனி… வெச்சிருக்கேனே… அதை முழுக்க எடுத்துடு. உடனே எடுத்துடும்மா.”

“மாமி, வாங்கறதா, விக்கறதா?”

“ம்… ம்…” என்றது குரல். இணைப்பு அறுந்துவிட்டது.

பக்கத்து நாற்காலியில் சுரேஷ் காதில் விழுந்ததை வைத்தே சொன்னான்: “வாங்கச் சொல்றாங்க. மாமியைத் தெரியாதா உனக்கு? ஊரே விக்கிற அன்னிக்கு வாங்கறவங்க. பணம் வேற அனுப்பி வெச்சிருக்காங்க. முழுக்கன்னா அந்தப் பணம் முழுக்க. போடு. திரும்பி ஏறிடுச்சுன்னா நம்மளைத்தான் கேப்பாங்க.”

அவன் சொன்னது எல்லாம் நியாயம். ஆனால் எனக்குக் குரல் வேறு மாதிரி பட்டது. அது பயந்த குரல். பயந்தவர்கள் விற்பார்கள். ‘எடுத்துடு’ என்ற வாலும் விற்பதற்குரிய வால். இருப்பதையெல்லாம் விற்கச் சொல்கிறார் என்றே நினைத்தேன். ஒவ்வொரு நிமிடமும் விலை இறங்கிக்கொண்டிருந்தது. விற்பதானால் இப்போதே விற்க வேண்டும்.

“‘ம்’னாங்கல்ல?” என்றான் சுரேஷ்.

“‘ம்’ செல்லாது.”

“இன்னிக்குமா?”

அதற்குள் மேடம் அறையிலிருந்து வந்துவிட்டார். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். “ரெண்டு பேரும் கீபோர்டுல இருந்து கையை எடுங்க.”

“மேடம், இந்த ‘எடுங்க’ மட்டும் நல்லாப் புரியுது” என்றான் சுரேஷ். மேடம் சிரிக்கவில்லை, ஆனால் கோபிக்கவும் இல்லை.

“உமா, மாமி என்ன சொன்னாங்க? அப்படியே சொல்லு. நீ புரிஞ்சுக்கிட்டதைச் சொல்லாத.”

சொன்னேன். ‘ம்’, இடைவெளி, டோக்கன் சத்தம் எல்லாம் சேர்த்துச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு மாமியின் எண்ணைத் தானே அழுத்தினார். கிடைக்கவில்லை. வீட்டு எண்ணுக்கு அடித்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. மறுபடி கைப்பேசிக்கு.

நடுவில் என் தொலைபேசி அடித்தது. முரளி அண்ணன். நான் மாமியின் எண்ணைத் தொடர்ந்து முயல வேண்டியிருந்ததால் மேடமே அதை வாங்கினார்.

“இன்னா மேடம், நீங்களே லைன்ல வந்துட்டீங்க? நம்மாளு எல்லைக்குக் கீழ பூட்டான். தட்டிடுங்க.”

மேடம் கம்பெனியின் பெயர், விற்பது, எண்ணிக்கை, விலை என்று நிதானமாகத் திருப்பிச் சொன்னார். சந்தை இடிந்துகொண்டிருக்கிற நேரத்தில் அந்த நிதானம் எனக்குத் தாங்கவில்லை.

“சரி, சரி, சரி. மூணு தபா சொல்லிட்டேன், போதுமா? நாளைக்கு வேற எதுனா ஏறும், பாத்துக்கலாம்” என்று அண்ணன் வைத்துவிட்டார்.

அதே நிமிடம் மாமியின் கைப்பேசியில் மணி போனது. மேடம் ஒலிபெருக்கியை அழுத்தினார். நான் மனதுக்குள் கேள்வியைத் தயாராக வைத்திருந்தேன்: வாங்கவா, விற்கவா? மேடம் அதைக் கேட்கவில்லை.

“மாமி, ஸ்டெல்லா பேசறேன். நிதானமா ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நாங்க வேலையை முடிச்சதும் உங்க கையில என்ன இருக்கணும்?”

மாமி மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்.

“பணம்டீ ஸ்டெல்லா. மாமாவைக் காலம்பற அடையாறு ஆஸ்பத்திரில சேர்த்திருக்கேன். சாயங்காலத்துக்குள்ள ஆபரேஷனுக்குக் கட்டணும்ங்கறா. பம்ப் கம்பெனிக்குன்னு உங்ககிட்ட வெச்சிருக்கேனே, அந்தப் பணத்தை எடுத்துடுன்னுதானே உமாகிட்ட சொன்னேன்.”

“ஷேர் மாமி?”

“ஷேர் அது பாட்டுக்குக் கெடக்கட்டும். அதுக்கு என்ன வியாதி?”

நானும் சுரேஷும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவன் வாங்குவது என்றான். நான் விற்பது என்று நினைத்தேன். மாமி இரண்டையும் சொல்லவில்லை. கணக்கில் சும்மா கிடந்த பணத்தைத் திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறார். ‘எடு’வுக்கு மூன்றாவதாக ஓர் அர்த்தம் இருந்தது. அவன் சொன்னபடி வாங்கியிருந்தால் அந்தப் பணம் பங்காக மாறியிருக்கும். சாயங்காலம் கட்டக் கையில் ஒன்றும் இருந்திருக்காது. நான் நினைத்தபடி விற்றிருந்தால், விற்ற பணம் கைக்கு வர மறுநாளாவது ஆகியிருக்கும், பங்கும் அடிமட்ட விலையில் போயிருக்கும். எங்கள் கேள்வியில் இரண்டே பதில்களுக்குத்தான் இடம் இருந்தது. மேடத்தின் கேள்வியில் எந்தப் பதிலுக்கும் இடம் இருந்தது.

வேலை அதோடு முடியவில்லை. பணத்தைத் திருப்பி அனுப்பும் கோரிக்கை ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குள் தலைமை அலுவலகத்துக்குப் போனால்தான் அன்றே வாடிக்கையாளரின் வங்கிக்குப் போகும். அந்த நேரம் நெருங்கிவிட்டது. நான் கோரிக்கையை அனுப்பினேன். மேடம் தலைமை அலுவலகத்துக்குப் பேசினார். அங்கே அனுமதி கொடுக்க வேண்டியவர் சாப்பிடப் போயிருந்தார்.

“பரவாயில்ல, சாப்பிட்டு வரட்டும். நான் லைன்லயே இருக்கேன்” என்றார் மேடம்.

இருந்தார். தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, மற்ற டீலர்களின் ஆர்டர்களைக் கண்ணால் பார்த்துக்கொண்டு, தன் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் இருந்தார். கத்தவில்லை, யாருடைய மேலதிகாரியையும் கூப்பிடவில்லை. அந்த மனிதர் திரும்பி வந்தபோது, “சார், சாப்பிட்டாச்சா? ஒரு அனுமதி பாக்கி இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போற பணம். நீங்க முடிச்சுட்டுச் சொல்லுங்க, அதுவரைக்கும் நான் வைக்க மாட்டேன்” என்றார். மாமிக்கு அவரே அழைத்து, “அனுப்பியாச்சு மாமி. வந்ததும் ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றார். சந்தை முடிந்து நாங்கள் கணக்குச் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போது மாமியிடமிருந்து அந்த ஒரு வார்த்தை வந்தது. “வந்துடுத்து.”

மேடம் அதற்குப் பிறகுதான் டப்பாவைத் திறந்தார். சுரேஷையோ என்னையோ ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலை விதியில் ஒரு வரி கூடியிருந்தது. புரியாதபோது, வாங்கவா விற்கவா என்று கேட்கக் கூடாது. கையில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்க வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து மாமி நேரிலேயே கிளைக்கு வந்தார். மாமா தேறிவிட்டார் என்றார். பம்ப் கம்பெனி அப்போதும் பெரிதாக ஏறியிருக்கவில்லை. அதைப் பற்றி அவர் கேட்கவும் இல்லை. மேடத்தின் எதிரில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்:

“விலை விழும்னுதான் பணத்தைத் தவணையா வெச்சுண்டேன். ஆத்துல மனுஷா விழுவான்னு வெச்சுக்கலை. இனிமே அதுக்குன்னு தனியா வெக்கணும், இல்லையா?”

“டெஸ்க்குக்குக் கருத்து கிடையாது மாமி” என்றார் மேடம். பிறகு, நான் அதுவரை பார்த்திராத வகையில், தன் விதியைத் தானே மீறி, “ஆமா, வெக்கணும்” என்றார்.

நான் வேலையை விட்ட நாளில் அவரிடம், விடுவது சரிதானா என்று மூன்றாவது முறையாகக் கேட்டேன். “நாலாவது தடவை கேக்கணும்னா ஃபோன் பண்ணு” என்றார். மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது டாக்டரிடம் மருந்தின் அளவைத் திருப்பிச் சொல்லி, “சரியா டாக்டர்?” என்று கேட்டேன். அவர் ‘ம்’ என்றார். “சரின்னு சொல்லுங்க டாக்டர்” என்றேன். சொன்னார். வெளியே வந்து வெகுநேரம் வெட்கமாக இருந்தது. ஸ்டெல்லா மேடமாக இருந்தால் வெட்கப்பட்டிருக்க மாட்டார்.

புதிதாக வந்தவர்களுக்குக் கார்த்திகா இதைக் காட்டப்போகிறாள் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆப்பிலும் கடைசியில் ‘உறுதிதானா’ என்று ஒரு பொத்தான் கேட்கிறது. அதை எல்லோரும் ‘ம்’ போடுவது மாதிரிதான் தட்டுகிறோம். நானும்தான். ஏறுவதை வாங்குகிறவரோ இறங்குவதை வாங்குகிறவரோ, தட்டுவதற்கு முன் நான்கு விஷயங்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வீட்டில் யாராவது கேட்டால் சிரிப்பார்கள். பரவாயில்லை.

டெஸ்க் மூடப்போகும் செய்தி மாமிக்கும் போயிருக்கிறது. போன வாரம் என் கைப்பேசிக்கு அழைத்தார்.

“அந்த ஆப்பை எனக்கு யாருடீ சொல்லித் தருவா? அது திருப்பிச் சொல்லுமோ?”

“சொல்லாது மாமி. நீங்கதான் சொல்லிக்கணும்.”

மாமி பதில் சொல்வதற்குள் பின்னால் மாமாவின் குரல் கேட்டது. கொஞ்சம் மெலிந்த குரல், ஆனால் தெளிவாகவே கேட்டது. “விசாலம், இந்தக் காபி டம்ளரை எடுத்துடேன்.”

“எடுத்துண்டு போய்க் கழுவறதா, இன்னும் கொஞ்சம் காபி எடுத்துண்டு வரதா? சரியாச் சொல்லுங்கோ.”

“ம்.”

“இங்க பாருங்கோ, ‘ம்’னா செல்லாது” என்றார் மாமி.